முத்திரை குத்திய ஜாக்கெட்

"அந்த ஜாக்கெட்டை எனக்குக் கழட்டிக் குடுத்துடுங்களேன், ஐயா" என்று மூன்றாவது முறையாகக் கேட்டான் இஷென்பெக். துடுப்பைப் பிடித்திருந்த அவன் கைகள் வெடவெடத்தன.

எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த படகுப் பாதுகாப்பு ஆய்வாளர் துர்துகுலோவ், தன் லைஃப் ஜாக்கெட்டின் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். "பேருதான் மீன்காரன். இந்தக் குளிரைத் தாங்க முடியலையாக்கும்."

"குளிருக்காகக் கேக்கலைங்க."

"அப்ப பயத்துக்கா?"

இஷென்பெக் துடுப்பை இன்னும் வேகமாக இழுத்தான். நவம்பர் மாத இருட்டில் இசிக்குல் ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

அவன் நடுங்குவதற்கு ஆய்வாளரே காரணம். புறப்படும்போது அவனுடைய கம்பளிக் கோட்டைக் கரையிலேயே கழற்றிப் போட வைத்தவர் அவர். 'சிறு படகும் குளிர்ந்த நீரும்' என்று பதினேழு விதிகள் எழுதி, தன் படத்தோடு அச்சடித்து, ஏரிக்கரை முழுக்க ஒட்டியிருந்தார். நனைந்த கம்பளி ஆளைக் கல் மாதிரி அடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்பது நான்காவது விதி.

இரவில் சிறு படகில் ஏறவே கூடாது என்பது முதல் விதி. அது மீனவர்களுக்கு. எழுதியவருக்கு எப்படிப் பொருந்தும்?

மேலும், அவர் போவது கடமைக்காக. ஒவ்வோர் ஆண்டும் அவர் ஓர் ஊரில் சோதனையை முடிப்பதற்குள் அடுத்த ஊருக்குத் தொலைபேசியில் தகவல் போய்விடுகிறது. இந்த முறை விடிவதற்குள் அக்கரையில் போய் இறங்கி, அத்தனை பேரையும் கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்திருந்தார்.

இஷென்பெக்கின் ஊரில் மத்தியானமே சோதனை முடிந்துவிட்டது. ஆட்டுக்கறி விருந்தில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டு ஜாக்கெட்டுகளை விரல் நீட்டி எண்ணினார். பன்னிரண்டிலும் முத்திரை குத்தினார். அவற்றில் பளிச்சென்று இருந்த ஒன்றைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். ஊரே வாயடைத்துப் பார்த்ததைத் தன் மேலுள்ள மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

படகில் ஏறும்போது இஷென்பெக்கின் உரிமத்தை வாங்கித் தன் தோல் பையில் வைத்துக்கொண்டார். "அக்கரை சேர்ற வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும். வழியில ஒரே ஒரு குறை கண்டாலும் வசந்தம் வரைக்கும் உன் படகுக்குச் சங்கிலிதான்."

அந்தப் படகை விட்டால் இஷென்பெக்குக்குப் பிழைப்பு இல்லை.

"தையலைப் பார்த்தியா, எவ்வளவு நெருக்கம்" என்று ஆய்வாளர் தன் மார்பைத் தடவிக்கொண்டார். "எங்க ஆபீஸ்ல குடுத்தது ரெண்டே மாசத்துல பிரிஞ்சு போச்சு. இது என்னடான்னா, போர்வை மாதிரி கதகதப்பா இருக்கு."

"தைச்சவங்க கேட்டா சந்தோஷப்படுவாங்க, ஐயா."

"ஆனா உன் மேல அடிக்குதே ஆட்டு வாடை, அதைத்தான் தாங்க முடியலை. நீ என்ன, ஆட்டுப் பட்டியிலயா படுக்கிறே?"

"மத்தியானம் சாப்பிட்ட கறியா இருக்கும், ஐயா."

சற்று நேரத்தில் மேற்கிலிருந்து உலான் காற்று கிளம்பியது. முதல் அலை படகின் விளிம்பில் மோதி உடைந்து, இருவர் முழங்காலையும் நனைத்தது. இஷென்பெக் தன் காலடியிலிருந்து ஒரு லாரி டியூபை இழுத்து நீட்டினான்.

"இதைப் போட்டுக்குங்க. ஜாக்கெட்டை என்கிட்ட குடுங்க."

ஆய்வாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாலு இடத்துல ஒட்டுப் போட்ட டியூபைக் குடுத்துட்டு, முத்திரை குத்தின ஜாக்கெட்டை வாங்கப் பாக்குறே. சந்தையில நொண்டிக் குதிரையை விக்கிறவன் உன்கிட்ட பாடம் படிக்கணும்."

"ஜாக்கெட் எனக்கு வேணாம், ஐயா. நீங்க டியூபை மட்டும் போட்டுக்குங்க."

"இப்ப வேணாமா? ஒரே பேச்சுல நில்லுப்பா."

அடுத்து வந்த அலை பேச்சை நிறுத்தியது. படகில் பாதி அளவு தண்ணீர். இஷென்பெக் வாளியால் இறைக்க இறைக்க, காற்று அள்ளி அள்ளிப் போட்டது.

தூரத்தில் அக்கரையின் விளக்குகள் தெரிந்தன. ஆய்வாளர் எழுந்து நின்றார். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்பது ஏழாவது விதி.

"பன்னிரண்டாவது விதி. தண்ணி ஏறினா பாரத்தைக் குறைக்கணும்" என்றார். குரல் நடுங்கினாலும் தோரணை குறையவில்லை. "நான் இறங்கிடறேன். என்கிட்ட ஜாக்கெட் இருக்கு, மிதந்தே கரைக்குப் போயிடுவேன். நீ உன் டியூபைக் கட்டிக்கிட்டு எப்படியாவது வந்து சேரு."

சொன்னபடி ஒரு காலைத் தூக்கி விளிம்புக்கு வெளியே போட்டார்.

இஷென்பெக் வாளியை எறிந்துவிட்டுப் பாய்ந்து, ஜாக்கெட்டின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"விடுடா. கடைசியில பிடுங்கவே துணிஞ்சிட்டியா? உன் உரிமம் போச்சு. படகும் போச்சு."

இஷென்பெக் ஒரு கணம் அந்தத் தோல் பையைப் பார்த்தான். பிறகு லாரி டியூபை எடுத்து ஆய்வாளரின் தலை வழியாக மாட்டினான்.

"படகுக்குச் சங்கிலி போட்டுக்குங்க, ஐயா. அந்தப் பன்னிரண்டு ஜாக்கெட்டையும் உங்க சோதனைக்குன்னே எங்க வீட்டுப் பொம்பளைங்க உக்காந்து தைச்சாங்க."

ஆய்வாளரின் ஒரு கால் இன்னும் தண்ணீரில்தான் இருந்தது.

"உள்ளே பூராவும் ஆட்டு ரோமம்."