சத்தமாய்ச் சொல்ல வேண்டிய பெயர்

“அகப்பட்டுட்டான்யா! இங்க ஒளிஞ்சிருக்கான்!”

குதிரை லாயத்தின் கதவு படாரென்று திறந்தது. வைக்கோலுக்குப் பின்னால் குந்தியிருந்த ரூபன் டார்ப்லி துள்ளி எழுந்தான். வாசலில் அவன் மனைவியின் அண்ணன் ஜெத்ரோ மூச்சிரைக்க நின்றான்.

“என்ன மாப்ளே, எலி பிடிக்கிறியா? ஷெரிப் ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு. இன்னொரு தடவை கூப்பிட்டா தேர்தல் முடிஞ்சுது!”

“வயிறு சரியில்ல மச்சான்...”

“வயிறா, தைரியமா? ரெண்டு பேரும் சமமா நிக்கிறாங்க. இன்னும் பேர் சொல்லாதவன் நீ ஒருத்தன்தான். நட!”

அந்தக் கடைசி அழைப்பும் முடிந்து தொலையட்டும் என்றுதான் ரூபன் இங்கே வந்து பதுங்கியதே. வர்ஜீனியாவில் ஓட்டு என்பது ரகசியமா என்ன? நீதிமன்றத்தில் ஊரே பார்க்க, வேட்பாளர்கள் இருவரும் எதிரே உட்கார்ந்து கேட்க, வாய்விட்டுப் பெயர் சொல்ல வேண்டும். பெயருக்கு உரியவர் எழுந்து வந்து கை கொடுத்து நன்றி சொல்வார். மற்றவர் உன்னைப் பார்த்து வைத்துக்கொள்வார்.

அந்தப் பார்வைக்குத்தான் பயம். ரூபனின் சோளம் அரைபடுவது கர்னல் ஆஷ்கிராஃப்டின் ஆலையில். அவன் புகையிலை படகேறுவது அவருடைய துறையில்.

“நேத்து ஆலையில வச்சு கர்னல் என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு மச்சான். ‘நாளைக்கு நீ வந்தே ஆகணும் ரூபன்’னாரு. எனக்குக் குலை நடுங்கிப்போச்சு.”

“நடுங்கட்டும். அவர் ஜெயிச்சா போதகருங்க சம்பளத்துக்கு நம்ம தலையில வரி. நம்ம ஹாட்லி ஜெயிச்சா ரிச்மண்ட் சட்டசபையில ஜெஃபர்சனோட மசோதாவுக்கு ஒரு கை கூடும். எவன் எந்தக் கோயிலுக்குப் போனாலும் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாதுன்னு அந்த மனுஷன் எழுதிவச்சுட்டு பாரிஸுக்குக் கப்பலேறிட்டாரு. காகிதம் இங்க தூசி தின்னுக்கிட்டுக் கிடக்கு.”

ஜெத்ரோ அவனை முற்றத்துக்கு இழுத்து வந்து எதிரே இருந்த சிறையைக் காட்டினான்.

“உத்தரவு வாங்காம பிரசங்கம் பண்ணாருன்னு எங்கப்பாவை அதுலதான் போட்டாங்க. போட்ட மாஜிஸ்திரேட் இதே கர்னல். அப்பா கம்பிக்குள்ள நின்னே பிரசங்கம் பண்ணாரு. கீழே நின்னு கேட்டு ஓன்னு அழுதது யாரு? அந்த அழுகையைப் பார்த்துட்டுத்தானே என் தங்கச்சியைக் கொடுத்தோம்!”

ரூபன் சிறைப் பக்கம் பார்க்காமல் நடந்தான்.

முற்றத்தில் கர்னல் வாங்கிவைத்த ரம் பீப்பாயைச் சுற்றி ஒரே கும்மாளம். “மாப்பிள்ளை ஊர்வலம் வருது, வழி விடுங்கடா!” என்றான் ஒருவன். “ஏய் பாப்டிஸ்ட்! ஞானஸ்நானம்னு தண்ணியிலதான் முங்குவியா, ரம்முல முங்க மாட்டியா?” என்றான் இன்னொருவன்.

வாசலருகே கர்னலின் அடிமைகள் எஜமானர்களின் குதிரைகளைப் பிடித்தபடி நின்றார்கள். அவர்களை யாரும் எந்தப் பெயரும் கேட்கப்போவதில்லை. ‘கொடுத்து வைத்தவர்கள்’ என்று ஒரு கணம் நினைத்துவிட்டான் ரூபன். நினைத்த மறுகணமே காது மடல் சுட்டது.

நீதிமன்றத்துக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கியது.

“ரூபன் டார்ப்லி! உங்க ஓட்டு யாருக்கு?” என்றார் ஷெரிப்.

பெஞ்சின் ஒரு முனையில் தோல் பதனிடும் ஹாட்லி. கைக்கறை போகாத அந்த நல்ல மனிதர், நம்ம ஆள் வந்துவிட்டான் என்று ரூபனைப் பார்த்துச் சிரித்தார். மறுமுனையில் கர்னல். அவர் சிரிக்கவில்லை. கைத்தடியை இறுகப் பிடித்து, முன்னால் சாய்ந்து, இமைக்காமல் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆலைச் சக்கரம் நின்றுபோவது தெரிந்தது. புகையிலையை ஏற்றாமல் படகு கிளம்புவது தெரிந்தது. வீட்டில் மூன்று குழந்தைகள்.

“கர்ன...” என்று முனகினான்.

“சத்தமா சொல்லுங்க. எழுதணும்ல?”

“கர்னல் ஆஷ்கிராஃப்ட்!”

கூரை அதிர ஆரவாரம் எழுந்தது. தொப்பிகள் பறந்தன. ஹாட்லியின் சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் உதட்டிலேயே கிடந்தது. ஜெத்ரோ தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ரூபன் அங்கே நிற்பதே தெரியாதவன் போல அவனைத் தாண்டி வெளியே போனான்.

இனி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது? சிறைக்குக் கீழே நின்று அழுத அந்த இளைஞன் யாரோ, இவன் யாரோ. ரூபன் தரையைப் பார்த்தபடி நின்றான். பலகை இடுக்கு ஒன்று பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

வழக்கப்படி கர்னல் எழுந்தார். வெற்றி பெற்றவரின் நடையாக அது இல்லை. மெதுவாக வந்து ரூபனின் கையைப் பற்றினார். அவருடைய கை வியர்த்து ஜில்லென்றிருந்தது.

“நன்றி, மிஸ்டர் டார்ப்லி” என்றார் ஊருக்குக் கேட்க. பிறகு ஆரவாரத்தின் மறைவில் அவன் காதோரம் குனிந்தார்.

“போன மாசம் என் மக ஆத்துல முங்கி உங்க சபையில சேர்ந்துட்டா, ரூபன். என்னைத் தேர்தல்ல பிடிச்சு நிறுத்தினவங்க முன்னாடி மாட்டேன்னு சொல்ல எனக்குத் துணிச்சல் இல்ல; நீ எப்படியும் ஹாட்லி பேரைத்தான் சொல்லுவ, உன் வாயால தோத்துப்போயி அவ முகத்துல முழிக்கலாம்னுதானேப்பா உன்னை வந்தே ஆகணும்னு கெஞ்சினேன்!”