ப்ரீஆம்ப்பில் ஓர் இரைச்சல்

பாலக்கோட்டு ஆடியோ கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் தக்காளி லாரிகளின் சத்தம் அடங்குகிறது. கையிலிருக்கும் அறுபதாயிரத்தில் பெரும்பங்கை, ஸ்பீக்கரை அதிரவைக்கும் பவர் ஆம்ப்புக்கே போட்டுவிட இன்னாசிராஜ் நினைக்கிறார். ஒலியைப் பக்குவப்படுத்தி அனுப்பும் ப்ரீஆம்ப் மலிவாகவே இருக்கட்டும். கடைக்காரர் அப்படியொரு மலிவு ப்ரீஆம்பை இணைத்து, பாட்டு எதுவும் போடாமல் வால்யூமை மட்டும் முழுக்கத் திருகுகிறார். மனைவி சுபாவின் முகம் சுளிக்கிறது. “உஸ்ஸுனு எரையுதுங்களே.”

“ப்ரீஆம்ப் மட்டம்ங்க, அதான்” என்கிறார் கடைக்காரர்.

இன்னாசிராஜுக்கு எதுவும் கேட்கவில்லை. மண்டியில் முப்பது வருஷம் ஏலம் கூவியவர், குனிந்து ஸ்பீக்கரின் வலைத்துணியில் ஒரு காதை வைக்கிறார். பிறகு மறு காதை. முதுகுக்குப் பின்னால் இருவரும் நிற்கிறார்கள்.

“கேக்குதுங்களா?” என்கிறாள் சுபா.

“நல்லாவே கேக்குது. ப்ரீஆம்புக்கே கூடக் காசு போட்டுக்கலாம்.”

அவள் அவர் தோளைத் தொடுகிறாள். “அவரு அப்பவே ஆஃப் பண்ணிட்டாருங்க.”