நானூற்றுப் பன்னிரண்டு ஓம்

கார்பன் நுண்குழாய்களையும் கிராபீனையும் பின்னி, மின்சாரம் கடத்தும், கண்ணுக்கே தெரியாத ஒரு படலத்தைக் கண்ணாடித் துண்டில் ஏற்ற ஜெபமலருக்கு மூன்று வருஷம் ஆயிற்று. ஆய்வுக்கூடம் துடைக்கும் செல்லக்கிளி அக்கா அதை வெறும் கண்ணாடி என்று ஈரக்கையால் தேய்த்துவிட்டார். ஜெபமலர் மீட்டர் முனைகளை எங்கே வைத்தாலும் கண்ணாடியில் மின்சாரம் ஓடவில்லை.

“அழுக்குன்னு நெனச்சுட்டேம்மா,” என்று அக்கா கையை விரித்தார். மத்தியான வெயிலில் உள்ளங்கை லேசாக மினுங்கியது. ஜெபமலர் முனைகளை அங்கே வைத்தாள். நேற்றுக் கண்ணாடியில் அளந்து குறித்துவைத்த அதே நானூற்றுப் பன்னிரண்டு ஓம். போன உயிர் திரும்பி வந்தது. அந்தக் கையை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டாள்.

“அக்கா, கையக் கழுவிராதீங்க.”

“அப்ப நான் எப்பிடிச் சாப்பிடுறது?”

ஜெபமலர் அக்காவின் டிபன் பாக்ஸைத் திறந்து, சோற்றைப் பிசையத் தொடங்கினாள்.