செவலைக் கோழி போன ரிசார்ட்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொன்னா சேவல் காதுல விழுந்துடும்.

செவலைக் கோழிக்கு ஒரே ஆசைதான். மூணு நாளாவது புள்ளைங்களுக்காகக் குப்பையைக் கிளறாமல் இருக்கணும். அதனால்தான் மூணு வேளைத் தீனியும் வாடகையிலேயே அடக்கம் என்கிற கடற்கரை ரிசார்ட்டாகத் தேடியது. புருஷன் சேவலோ, காக்கா விசாரித்து வந்த ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நொட்டை சொன்னது.

"அங்கே பக்கத்து அறையில வாத்துங்க. ஓயாமப் பேசும்."

"சரி, அடுத்தது?"

"அங்கே அலைச்சத்தம். நான் கூவுறது எவன் காதுல விழும்?"

"கடலைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லட்டுங்களா?" என்றது கோழி.

கடைசியில் சவுக்குத் தோப்பை ஒட்டி ஒரு இடம் அமைந்தது. சேவல் தலையை ஆட்டியது. கோழிக்கு உயிரே வந்தது.

"ஆனா" என்றது சேவல், "புள்ளைங்களுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காது. ஒரு மூட்டை குருணை கட்டிக்கோ. அங்கே போய் நீயே கல் பொறுக்கிப் போட்டுடு."

"அதான் அவங்களே போடுறாங்களேங்க."

"போடட்டும். எதுக்கும் இதுவும் இருக்கட்டும்."

கோழி குருணையை மூட்டை கட்டி, மூச்சு வாங்க இழுத்து வந்தது. சேவல் அதற்குள் வண்டியின் முன் சீட்டில் ஏறி, கண்ணாடியில் கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது.

"மூட்டை வந்துடுச்சா?"

"வாசல் வரைக்கும் வந்துடுச்சுங்க" என்ற கோழி, முடிச்சை அலகால் அவிழ்த்துவிட்டு, தெருவிலிருந்த சிட்டுக்குருவிகளை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டது.