வெண்டலுக்குப் பிடிபடாத கோளாறு

டெல்லா ஓங்கி ஓர் உதை விட்டாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னோர் உதை. மூன்றாவது உதையில், காலடியில் இருந்த சின்னப் பெட்டியின் பொத்தான் டக்கென்று மேலே எழும்பியது.

பழைய பிக்கப் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு, சோளக்காட்டு ஓரமாக நின்றுபோனது.

வண்டி எங்கேயாவது மோதினால், பெட்ரோல் பம்ப்புக்குப் போகும் கரண்ட்டைத் துண்டிக்க வைத்த சுவிட்ச் அது. பலமாக உதைத்தாலும் துண்டித்துவிடும்; பொத்தானை மறுபடி அமுக்கும்வரை வண்டி ஓடாது. மெக்கானிக் மகளுக்கு இதுகூடத் தெரியாதா?

"என்னாச்சுப்பா?" என்றாள், ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

பின்னால் ஹென்றி கத்தினான். புட்டிப்பால் கொடுத்து அவள் வளர்த்த செம்மறிக்கடா. பத்து மணிக்குள் மாவட்டக் கண்காட்சியில் எடை போட வேண்டும். மதியம் ஏலம். அப்புறம் கசாப்புக்கடை.

காலையில் சமையலறையிலேயே அப்பாவிடம் சண்டை போட்டுப் பார்த்துவிட்டாள்.

"ஹென்றியை நான் விக்க மாட்டேன்."

"ஜனவரியில கண்காட்சி ஃபாரத்துல கையெழுத்துப் போட்டது யாரு? ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வளர்த்து விக்கலையா? கொடுத்த வாக்கை உங்கப்பன் மாத்தினதில்ல."

"அது உங்க வாக்கு. என் கடா."

"ஏறு வண்டியில."

பன்னிரண்டு வயதுக்காரியிடம் வேறு என்ன ஆயுதம் இருக்கிறது? கால் இருந்தது. உதைத்துவிட்டாள். துளிகூட வருத்தமில்லை.

அப்பா வெண்டல் இறங்கிப்போய் டேங்க்கில் காதை வைத்தார். "சாவியைப் போடு."

"போட்டாச்சு."

நல்ல பம்ப் என்றால் இரண்டு நொடி 'உய்ங்' என்று ஓடும். சத்தமே இல்லை.

"கரண்ட் வரலை" என்றார். ஃபியூஸைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. ஹாரனுக்குக் கரண்ட் விடும் ரிலேயைப் பிடுங்கிப் பம்ப்பு ரிலே இருந்த இடத்தில் செருகினார். பயனில்லை. கரண்ட் இருந்தால் எரியும் டெஸ்ட் லேம்ப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

ஒயரைப் பிடித்துக்கொண்டே வந்தால் நேராக இந்தச் சுவிட்சில்தான் வந்து நிற்பார். டெல்லா அதை மறைத்துக் காலை வைத்துக்கொண்டாள். வரட்டும், என்ன ஆனாலும் எடுக்கப்போவதில்லை.

ஒன்பதேகாலுக்குப் பக்கத்துப் பண்ணை கிளைட் வண்டியை நிறுத்தினார்.

"என்ன வெண்டல், ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற, உன் வண்டி படுத்துக்கிச்சா?"

"பம்ப்புக்குக் கரண்ட் வரலை."

"பம்ப்பே போயிருக்கும்யா. டேங்க்குல சுத்தியலால ரெண்டு போடு. சரி, கடாவை என் வண்டியில ஏத்து. நான் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்."

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் டெல்லா.

"என் பொண்ணு கடா என் வண்டியிலதான் போகும்" என்றார் வெண்டல், அடியிலிருந்து தலையை நீட்டாமலே.

"வீம்புய்யா உனக்கு!"

"இருந்துட்டுப் போகட்டும். நீ கிளம்பு."

அப்பாவின் வீம்பை ஊரே திட்டும், அம்மாவும் திட்டுவாள். டெல்லாவுக்கு அதன்மேல் முதல்முறையாகப் பாசம் பொங்கியது.

பத்து அடித்துப் பத்து நிமிடம் ஆயிற்று.

"ஹென்றிக்குத் தண்ணி வை" என்றார் வெண்டல்.

அவள் வாளியோடு பின்பக்கம் போய்த் திரும்புவதற்குள் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"எர்த் ஒயர் துரு பிடிச்சிருந்தது" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

எர்த் ஒயரா? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்டால் மாட்டிக்கொள்வோம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

கண்காட்சியில் எடைமேடையைப் பூட்டியிருந்தார்கள். வெண்டல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, எடை எழுதும் அம்மாள் முன்னால் நின்றார்.

"வண்டி நின்னுபோச்சும்மா. எர்த் ஒயர். கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிடுச்சு."

"விதி விதிதான் வெண்டல்" என்று அந்த அம்மாள் ஏலப் பட்டியலில் ஹென்றியின் பெயரை அடித்தாள்.

அதுவரை சரி. பின்னால் நின்ற கூட்டம்தான் சிரித்தது. அத்தனை பேரும் வெண்டலிடம் வண்டியை ரிப்பேருக்கு விடுகிறவர்கள்.

"ஒரு எர்த் ஒயருக்கு ஒன்றரை மணி நேரமா!" என்று கிளைட் தொடையைத் தட்டினார். "இனிமே நாம வேற ஊர் மெக்கானிக்கைத்தான் பார்க்கணும்."

வெண்டலின் காது சிவந்தது. முப்பது வருடமாகச் சம்பாதித்த பெயர் அது. டெல்லாவுக்குத் தாங்கவில்லை. கூட்டத்தைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"வண்டியில ஏறு" என்றார் அப்பா.

ஏறியதும் உடைந்து அழுதாள். "அது எர்த் ஒயர் இல்லப்பா. நான்தான்…"

"வாக்குக் கொடுத்தவன் மாத்தக் கூடாது. வண்டி நின்னா அவன் என்ன பண்ணுவான்?" என்றபடி சாவியைத் திருகினார். "ஹென்றிக்கு நம்ம வேலிக்குள்ள புல்லுக்கா பஞ்சம்?"

டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"ஆனா ஒண்ணு. உதைக்கிறதுன்னா ஒரே உதையா உதைச்சுத் தொலைக்கணும். மூணாவது உதை வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிட்டு வண்டி ஓட்டறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?"