பக்கத்துப் பாய்

கிளாவரையிலிருந்து பெரும்பாறைக்கு வாழ வந்த கண்மணியை, மூன்றாவது முறையாகக் குளிர்காய்ச்சல் உலுக்கிப் போட்டது.

"அவ ஆத்தா வீட்டுலயே கொண்டுபோய் விட்டுரலாம்மா," என்றான் அவள் புருஷன் ஞானவேல்.

"ஏலே, நான் எதுக்கு இருக்கேன்? இருபது வருசமா எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்ல. நான் பாத்துக்கறேன்," என்றாள் பாப்பம்மாள். கல்யாணமான புதிதில் வந்த முதல் காய்ச்சலிலிருந்தே, மருமகளின் பாயை ஒட்டித் தன் பாயைப் போட்டு, ஒரே கம்பளிக்குள் அவளை அணைத்துக்கொண்டுதான் படுக்கிறாள்.

மலேரியா ஒழிப்பு ஊழியர் அடைக்கலம் ஒருநாள் வந்து, வீட்டில் எல்லாருடைய விரலிலும் ரத்தம் எடுத்தார். "எனக்கெதுக்கு தம்பி?" என்று சிரித்தபடியே பாப்பம்மாளும் விரலை நீட்டினாள்.

பத்தாம் நாள் இரண்டு பொட்டலம் மாத்திரையோடு வந்தார்.

"ஒண்ணு கண்மணிக்கு. இன்னொண்ணு உங்களுக்குங்கம்மா."

"எனக்கா? குத்துக்கல்லாட்டம் இருக்கேனே!"

"சின்ன வயசுல அடிக்கடி காய்ச்சல்ல விழுந்தீங்களா?"

"வருசத்துக்கு நாலு தடவ."

"அப்படி விழுந்து விழுந்துதான் உங்க உடம்பு பழகிக்கிருச்சு. கிருமி உள்ளயே இருந்தும் உங்களைப் படுக்கப் போட முடியல. கொசு ஏறாத குளிர் ஊர்லருந்து வந்த புள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லைங்க. உங்களைக் கடிச்ச கொசுதான் அதையும் கடிச்சிருக்கும்."

பாப்பம்மாள் பொட்டலத்தைப் பிரித்தாள். மாத்திரையைத் தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள். பிறகு தன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"எங்க போறீங்க அத்தே?"

"மாட்டுக் கொட்டகைக்கு. கம்பளிய நீயே வச்சுக்க தாயி. குளிருச்சுன்னா ஒரு குரல் குடு, வாசல்ல நின்னே கேட்டுக்கறேன்."