முப்பத்தோராம் அத்தியாயம்

"அந்த பென் டிரைவையும் எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்றார் எழுத்தாளர்.

கமா அண்ணன் அதை என் மேசைமேல் வைத்தார். யாரும் கேட்காமலே சட்டைப் பையையும் உதறிக் காட்டினார்.

பதினாறு வருஷமாக இந்தப் பதிப்பகத்தில் பக்கம் அமைக்கிறவர். ஒரு கமாவுக்காக எழுத்தாளர்களோடு மல்லுக்கு நிற்பார். அதனால்தான் அந்தப் பெயர். இன்று வாயைத் திறக்கவே இல்லை.

அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

என் வேலை அப்படி. எங்கள் புத்தகங்களை யார் திருடி இணையத்தில் போடுகிறார்கள் என்று நாள் முழுக்கத் தேட வேண்டும். கண்டுபிடித்தால் அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பி நீக்க வைக்க வேண்டும். மூன்று வருஷத்தில், யாரைப் பார்த்தாலும் இவர் எதை ஏற்றியிருப்பார் என்றுதான் தோன்றுகிறது. போன வாரம் தம்பி அசந்த நேரத்தில் அவன் போனையே நோண்டினேன்.

இந்த நாவல் வந்து இரண்டு வருஷம். எழுத்தாளரை நாலு பேருக்குத் தெரிந்தவராக ஆக்கியதே இதுதான். போன மாதம் யாரோ இதை ஓர் இலவசத் தளத்தில் தினம் ஓர் அத்தியாயமாகப் போடத் தொடங்கினார்கள். படிக்கிறவர்கள் எல்லாம் அங்கே போய்விட்டார்கள். எங்கள் மின்னூலைச் சீந்துவாரில்லை.

இதுவரை வழக்கமான திருட்டு.

ஆனால் எங்கள் புத்தகத்தில் முப்பது அத்தியாயம்தான். முப்பத்தோராம் நாளும் அங்கே ஒன்று வந்தது.

புத்தகத்தில் நாயகி கடைசிவரை கணவனோடுதான் இருக்கிறாள். அந்த அத்தியாயத்தில், அவன் முடிவெட்டப் போயிருக்கும் நேரத்தில், ஒரே ஒரு பையோடு படியிறங்கிப் போய்விடுகிறாள். அதை நான் இரண்டு தடவை படித்தேன்.

"கதையோட ஒட்டலைன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் எழுத்தாளர்.

அப்படியானால் அது இருந்தது இரண்டே இடத்தில். அவருடைய கணினி, கமா அண்ணனுடைய கணினி.

முதலாளி தன் அறைக்குள் போகும்போதே சொல்லிவிட்டார். கையும் களவுமாகப் பிடிபட்டால் இன்றே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியது.

பென் டிரைவைச் செருகினேன். மகளின் பரீட்சைக் கேள்வித்தாள்கள், ஒரு வாடகை ஒப்பந்தம். வேறொன்றும் இல்லை. இவ்வளவு சுத்தமாக யார் வைத்திருப்பார்கள் என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

அப்போதுதான் அந்தத் தளத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது.

புகார் போனால், ஏற்றியவரிடம் தளம் கேட்கும். பெரும்பாலும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு ஓடிவிடுவார்கள். மறுப்பதென்றால் பெயர், முகவரி, ஆதாரம் எல்லாம் தர வேண்டும். திருடன் எவன் முகவரி தருவான்?

இங்கே மறுப்பு வந்திருந்தது.

"ஏத்தினவங்க பதில் போட்டிருக்காங்க சார். இது தன்னோடதுன்னு சொல்றாங்க."

எழுத்தாளர் சிரித்தார். "திருட்டுப் பயலுக்குத் திமிரப் பாத்தீங்களா!"

கூடவே நாற்பது புகைப்படங்கள். கோடு போட்ட நோட்டு. நீல மை. அடித்தல், திருத்தல், ஓரத்தில் செருகிய வரிகள், நாயகியின் பெயரை மூன்று தடவை மாற்றிய இடம். முதல் வரியிலிருந்தே எங்கள் நாவல். கடைசிப் படத்தில் முப்பத்தோராம் அத்தியாயம், அதே மையில்.

எழுத்தாளரின் கையெழுத்து எனக்குத் தெரியும். முன்னுரையைக் கையால் எழுதித் தந்தார். கோழி கிளறிய மாதிரி இருந்தது. இது முத்து முத்தாக இருந்தது.

எல்லாப் படத்திலும் நோட்டை விரித்துப் பிடித்த இடது கட்டைவிரல் ஓரமாகத் தெரிந்தது. எதிலோ நசுங்கிய விரல். நகம் பாதிதான் இருந்தது. அதுவும் கோணலாக வளர்ந்திருந்தது.

பழக்கதோஷம், முதலில் கமா அண்ணனின் விரலைப் பார்த்தேன். நகம் முழுதாக இருந்தது.

ஒரு படத்தை மட்டும் பெரிதாக்கி, திரையை எழுத்தாளர் பக்கம் திருப்பினேன்.

அவர் எழுத்தைப் படிக்கவே இல்லை. விரலைத்தான் பார்த்தார்.

"எங்க இருக்கேன்னு போட்டிருக்காளா?"

ஏற்றியது ஆணா பெண்ணா என்று நான் சொல்லவே இல்லை. ஒரே ஒரு பையோடு படியிறங்கியவள் யாருடைய மனைவி என்று அப்போது புரிந்தது.

திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டு மறுபடி மின்னஞ்சலைத் திறந்தேன். மற்றவர்கள் சொல்வதில் பொய் எது என்று தேடியே பழகியவள் நான். நானே சொல்லும்போது குரல் எப்படி வருமோ என்று பயமாக இருந்தது.

"இல்ல சார். முகவரி எதுவும் குடுக்கல."

அவர் என்னை நம்பவில்லை. எனக்குப் பின்னால் நின்ற கமா அண்ணனைப் பார்த்தார். காலையிலிருந்து யாரைத் திருடன் என்றாரோ அவரிடமே, புருவத்தை உயர்த்திக் கேட்டார்.

கமா அண்ணன் குனிந்தார். திரையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார்."

எழுத்தாளர் எழுந்து போனார். படியில் செருப்புச் சத்தம் அடங்கும்வரை நாங்கள் இருவரும் அசையவில்லை. ஜன்னலுக்குக் கீழே அவர் கார் கிளம்பிப் போவதைப் பார்த்த பிறகுதான் புகாரைத் திரும்பப் பெற்றேன்.

புது எழுத்தாளர்களுக்கு அனுப்பும் ஒப்பந்தப் படிவம் ஒன்றை எடுத்து உறைக்குள் வைத்தேன். முதலாளியிடம் என்ன சொல்வது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"வாசிங்கண்ணே" என்றேன், பேனாவைத் திறந்துகொண்டு.

கமா அண்ணன் திரையைப் பார்த்து வாசித்தார். பெயரையும் கதவு எண்ணையும் சத்தமாகச் சொன்னவர், ஊர்ப் பெயர் வந்ததும் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.